எந்த நிறம் என்பதற்கு முன் எந்த பெயின்ட் என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் நாளிதழின் சுயதொழில் பக்கத்தில், ரெசின், அதாவது அச்சில் ஊற்றினால் பிளாஸ்டிக் போல இறுகும் திரவம், ஊற்றிப் பேனாவும் சாவிக்கொத்தும் செய்வது பற்றி வந்திருந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். எங்கள் தொழிலுக்கு அரைப் பக்கம் ஒதுக்கியதில் மகிழ்ச்சி. ஆனால் அதில், "நிறத்துக்கு வீட்டில் மிச்சமிருக்கும் எந்த பெயின்ட்டையும் பயன்படுத்தலாம்" என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். அதை நம்பி எத்தனை பேர் ரெசின் வாங்கி வைத்திருக்கிறார்களோ என்ற கவலை எனக்கு.

நான் காரைக்குடியில் கடைசல் பட்டறை வைத்திருக்கிறேன். வயது 58. என் அப்பா கட்டில் கால், தொட்டில் கம்பு, மத்து, பூரிக்கட்டை எல்லாம் கடைந்தவர். அவர் காலத்தில் நிறம் என்றால் அரக்குதான். சுழலும் மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்துவார். உரசும் சூட்டில் அது இளகி மரத்தில் ஏறும். அப்புறம் தாழை மடலை வைத்துத் தேய்த்தால் மினுங்கும். அந்த நிறம் உரிந்து நான் பார்த்ததில்லை. மரக் கட்டில் செய்யச் சொல்லி யாரும் வராத காலம் வந்ததும் நான் பேனாவுக்கு மாறினேன். இடிக்கிற வீடுகளிலிருந்து வரும் பர்மா தேக்குத் துண்டுகளை ரெசினில் புதைத்துப் பேனாவாகக் கடைந்து கொடுக்கிறேன். ஆறு வருஷமாக இதுதான் பிழைப்பு.

தெரியாதவர்களுக்காகச் செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் கடையும் பால்பாயின்ட் பேனாவின் உடம்புக்குள் மெல்லிய பித்தளைக் குழாய் ஒன்று இருக்கும். அதன் குறுக்களவு பெரும்பாலும் 7 மில்லிமீட்டர். ரெசின் கட்டையில் துளை போட்டு அந்தக் குழாயைப் பசை வைத்துச் செருகலாம். அல்லது குழாயை அச்சுக்குள் நிறுத்தி அதைச் சுற்றி ரெசினை ஊற்றலாம். எப்படிச் செய்தாலும், ரெசின் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தால் உள்ளே இருக்கும் பித்தளை மஞ்சளாகத் தெரியும், பசை திட்டுத் திட்டாகத் தெரியும். அதை மறைக்கக் குழாய்க்கோ துளையின் உட்சுவருக்கோ பெயின்ட் அடிக்க வேண்டும். வெளியில் இருந்து பார்க்கிறவர் கண்ணில் படும் நிறமே அந்த உள்பூச்சுதான்.

ஆத்தங்குடிக் கல், அதாவது தரையில் பதிக்கும் பூ டைல், செய்வதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். அங்கே முதலில் கண்ணாடிப் பலகை மேல் அச்சை வைத்து நிறக் கலவையை ஊற்றுவார்கள். அதன் மேல்தான் மணலும் சிமென்ட்டும் ஏறும். கல்லைத் திருப்பி, கண்ணாடியை எடுத்த பிறகுதான் பூ தெரியும். கடைசியில் கண்ணில் படப் போவதை முதலில் போட வேண்டும் என்பதால் அதில் தவறு நடந்தால் பின்னால் திருத்த வழியில்லை. பேனாவும் அப்படித்தான். தப்பான பெயின்ட்டை அடித்துவிட்டேன் என்று ரெசினைப் பிரித்தெடுக்க முடியாது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். கானாடுகாத்தானில் இருந்து ஒரு ஆச்சி வந்தார். அவர் கணவருக்குச் சதாபிஷேகம். வருகிறவர்களுக்குக் கொடுக்க 80 பேனா வேண்டும் என்றார். கையோடு ஒரு உடைந்த கட்டில் காலைக் கொண்டுவந்திருந்தார். "எங்க அப்பச்சி படுத்த கட்டில் தம்பி. இது ஒண்ணுதான் மிச்சம். ஒவ்வொரு பேனாவிலயும் இதுல ஒரு சிராய் இருக்கணும்" என்று சொல்லி என் கையில் கொடுத்தார். நூறு வருஷத்துத் தேக்கு. உளி பட்டதும் எண்ணெய் வாசம் வந்தது. குழாய் அரக்குச் சிவப்பில் இருக்க வேண்டும், மேலே தேக்குச் சிராய், அதற்கு மேல் தெளிவான ரெசின் என்று பேசி முடித்தோம்.

ரெசினில் எபாக்ஸி வகைக்கு விலை அதிகம் என்று பாலியஸ்டர் வகை ரெசின் வாங்கினேன். ஃபைபர் வேலைக்காரர்கள் வாங்குவார்களே, இறுகுவதற்காக 1 முதல் 2 சதவீதம் கேட்டலிஸ்ட் என்ற திரவத்தை விட்டுக் கலக்குவது, அதுதான். பெயின்ட் கடையில் சிவப்பு ஸ்ப்ரே டப்பாவைக் கொடுத்து, "எல்லாத்துலயும் ஒட்டும் அண்ணே" என்றார்கள். குழாய்களுக்கு இரண்டு கோட் அடித்து ஒரு நாள் காய வைத்தேன். தொட்டால் கையில் ஒட்டவில்லை. முதலில் 24 குழாய்களை அச்சில் நிறுத்தி, சிராய்களைச் சுற்றி ஒட்டி, ரெசினை ஊற்றினேன். கால் மணி நேரத்தில் முதல் அச்சில் மெல்லிய சிவப்பு இழை ஒன்று மேலே எழுந்தது. அப்புறம் பக்கத்து அச்சில். குங்குமத்தைத் தண்ணீரில் போட்ட மாதிரி சிவப்பு கலைந்து பரவி, சிராய் முழுவதும் மூடிக்கொண்டது. கேட்டலிஸ்ட் விட்டாகிவிட்டது. பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. மறுநாள் உடைத்துப் பார்த்தேன். குழாயில் பெயின்ட் தோல் மாதிரி சுருங்கிக் கிடந்தது. அடியில் பித்தளை.

பணத்தைக்கூட ஒரு மாதத்தில் சரிக்கட்டிவிடலாம். அந்த மரத்துக்கு எங்கே போவது? ஆச்சியிடம் போய் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "மிச்சம் இருக்கறத இன்னும் மெல்லிசாச் சீவ முடியுமாப்பா?" என்றுதான் கேட்டார். அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கமில்லை.

காரணத்தைச் சொன்னவர் நூறடி ரோட்டுப் பக்கம் ஃபைபர் வேலை செய்யும் ஒரு பெரியவர். என் குழாயில் ஒன்றை வாங்கி, கேட்டலிஸ்ட் விடாத ரெசினில் பஞ்சை நனைத்து அதன் மேல் இரண்டு முறை தேய்த்தார். பஞ்சு சிவந்துவிட்டது. "பெயின்ட்டைக் கரைக்கிற தின்னரே இந்த ரெசினுக்குள்ளதான் இருக்கு" என்றார். பாலியஸ்டர் ரெசினில் பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஸ்டைரீன் என்ற திரவம் இருக்கிறது. அந்தக் காட்டமான வாசனை அதனுடையதுதான். தெர்மோகோலில் பெட்ரோல் பட்டால் எப்படிக் கரைகிறதோ, அப்படியே சாதாரண ஸ்ப்ரே பெயின்ட்டை ஸ்டைரீன் கரைக்கும். பெயின்ட் காய்ந்தது வேறு, இறுகியது வேறு. ஸ்ப்ரே டப்பாவில் வரும் லேக்கர் வகை, அதன் தின்னர் ஆவியாகிப் போனதால் மட்டுமே கெட்டியாக நிற்கிறது. மறுபடி தின்னரைக் காட்டினால் மறுபடி இளகும். எத்தனை வருஷம் கழித்துக் காட்டினாலும் இளகும். ஹார்டனர் என்ற இறுக்கும் திரவத்தைக் கலந்து அடிக்கும் இரண்டு டப்பா பெயின்ட் அப்படியில்லை. அது வேதிவினையில் இறுகுகிறது, திரும்ப இளகாது. வண்டிகளுக்கு அடிப்பார்களே, அந்த வகை. இந்த ஒரு வேறுபாடு தெரிந்திருந்தால் அந்த 24 சிராயும் வீணாகியிருக்காது.

மீதிக் குழாய்களுக்கு நான் செய்தது பவுடர் கோட்டிங். இரும்பு பீரோ செய்யும் இடங்களில் இருக்கிறதே, தூளைத் தூவி 180, 200 டிகிரி அடுப்பில் சுடும் வேலை. குழாய்களை உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, கம்பியில் கோத்துக் கொடுத்தேன். குழாய்க்குள் தூள் போகாமல் இரண்டு பக்கமும் அடைத்துவிட வேண்டும். இல்லையென்றால் பேனாவின் முனை உள்ளே ஏறாது. சுட்டு வந்த சிவப்பின் மேல் அதே பாலியஸ்டரை ஊற்றினேன். ஒரு குழாயிலும் நிறம் நகரவில்லை. சிராயை வெற்றிலை நரம்பு போலச் சீவி 80 பேனாவையும் முடித்துக் கொடுத்தேன்.

ரெசின் மாறினால் கணக்கும் மாறும். எபாக்ஸி இந்த விஷயத்தில் பொறுமையானது. நன்றாகக் காய்ந்த பெயின்ட் பெரும்பாலானவற்றை அது கரைக்காது. ஆனால் இறுகும்போது சூடேறும். பெயின்ட்டுக்குள் தின்னர் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் அந்தச் சூட்டில் குமிழாகக் கிளம்பும். மூன்றாவது வகை பாலியூரித்தேன். சில நிமிடங்களில் இறுகிவிடுவதால் அவசர வேலைக்கு வாங்குகிறார்கள். அதற்குத் தண்ணீர் ஆகாது. ஈரம் பட்டால் கார்பன் டை ஆக்ஸைடு உண்டாகி, சோப்பு நுரை மாதிரி பொங்கும். ஒரு ஐப்பசியில், தண்ணீரில் கரைக்கும் அக்ரிலிக் பெயின்ட் அடித்த குழாய்களை அடைமழைக் காற்றில் ஒரு மணி நேரம் மட்டும் காய வைத்து இந்த ரெசினை ஊற்றினேன். குழாயைச் சுற்றி வெள்ளை நுரையாக நின்றது. அதே பெயின்ட், அதே ரெசின், சித்திரை வெயிலில் இரண்டு நாள் காய வைத்துச் செய்தபோது ஒரு குமிழ் இல்லை. ஆக, நல்ல பெயின்ட் கெட்ட பெயின்ட் என்று இதில் பார்க்கக் கூடாது. எந்த ரெசினோடு எது சேரும் என்றுதான் பார்க்க வேண்டும்.

உங்கள் கட்டுரை சொல்லும் "வீட்டில் மிச்சமிருக்கும் பெயின்ட்" பெரும்பாலும் கதவு, ஜன்னலுக்கு அடித்த எனாமலாகத்தான் இருக்கும். அதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. அந்த எனாமல் காற்றிலிருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டுதான் இறுகும். மேல்தோல் ஒரு இரவில் காய்ந்துவிடும், அடிவரை இறுகப் பல நாள் ஆகும். அதைத் துளையின் உட்சுவரில் அடித்து, மறுநாளே பசை வைத்துக் குழாயைச் செருகினால் அப்புறம் காற்று எங்கிருந்து வரும்? உள்ளே மெழுகு மாதிரி கிடக்கும். பேனா பார்க்க அழகாகவே இருக்கும், விற்றும்விடும். மூன்று மாதம் கழித்து, வாங்கியவர் கையில் குழாய் தனியாகச் சுற்றும். அதனால் துளைக்குள் அடிப்பதற்கு நான் எனாமலைத் தொடுவதில்லை. அக்ரிலிக்கை மெல்லிசாக அடித்து இரண்டு, மூன்று நாள் விடுகிறேன். ஒட்டுவதற்கு நிமிடத்தில் பிடிக்கும் பசையை விட்டுவிட்டு, இரண்டு டியூபைக் கலக்கும் எபாக்ஸி பசையை எடுக்கிறேன். அந்த அவசரப் பசை சில பெயின்ட்டுகளை இளக்குகிறது. செருகும்போதே பாதி வழியில் பிடித்தும்விடும்.

பேனாவின் வெளிப்புறத்தில் கோலமோ பெயரோ எழுதுகிறவர்களுக்கு வேறு கவலை. அச்சிலிருந்து கழன்று வர ஒரு மெழுகோ சிலிக்கோனோ தடவியிருப்போம். அது ரெசின் மேல் ஒட்டியிருக்கும். மழை நாளில் இறுகிய எபாக்ஸி மேல் பிசுபிசுவென்று ஒரு படலமும் வரும். இரண்டின் மேலும் எந்த பெயின்ட்டும் நிற்காது. முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். காய்ந்த பிறகு 400 நம்பர் உப்புத்தாளில் பளபளப்பு போகும் வரை தேய்த்து, ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும். கழுவாமல் தேய்த்தால் அந்தப் பிசுக்கைத்தான் உள்ளே தேய்த்து விடுவீர்கள். மை ஊற்றும் பேனாவாக இருந்தால் மை நிற்கும் உட்புறத்தில் பெயின்ட் வேண்டவே வேண்டாம். மாதக்கணக்கில் மையில் ஊறினால் எதுவும் உரியும். உரிந்த செதில் போய் நிப்பை அடைக்கும்.

ரெசினுக்குள்ளேயே நிறம் கலக்க விரும்புகிறவர்கள் உலர்ந்த தூளுக்குப் போங்கள். ஆத்தங்குடிக் கல்லுக்குப் போடும் அதே சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆக்ஸைடு தூள் எபாக்ஸியில் அருமையாகச் சேர்கிறது. கண்டாங்கிச் சேலையின் அரக்கையும் கடுகு மஞ்சளையும் நான் அதில்தான் கொண்டுவருகிறேன். தூளில் தண்ணீரும் இல்லை, தின்னரும் இல்லை என்பதால் ரெசினோடு சண்டை இல்லை. கனமான தூள் அடியில் இறங்கும். எனவே ரெசின் தேன் பதத்துக்கு வந்த பிறகு ஊற்ற வேண்டும். டப்பா பெயின்ட்டை ரெசினுக்குள் கொட்டிக் கலந்தால் ஹார்டனர் கணக்கு கெட்டு, கடையும்போது உளியில் ரப்பர் மாதிரி இழுக்கும்.

அப்பாவின் அரக்கு எனக்கு இதிலும் கைகொடுத்தது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். டர்பன்டைனிலும் ஸ்டைரீனிலும் அப்படிக் கரையாது. மெழுகு நீக்கிய அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, ஏற்கெனவே பெயின்ட் அடித்த குழாயின் மேல் மூன்று மெல்லிய கோட் கொடுத்து, நன்றாகக் காய விட்டு, பாலியஸ்டர் ஊற்றிப் பார்த்தேன். நடுவில் ஒரு சுவர் எழுப்பிய மாதிரி நிறம் நின்றது. பவுடர் கோட்டிங்குக்குக் கொடுக்க முடியாத பத்து, பன்னிரண்டு குழாய் வேலைக்கு இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.

எதையும் என் பேச்சை நம்பிச் செய்ய வேண்டாம், சோதித்துப் பாருங்கள். காலி மாத்திரை அட்டை ஒன்று போதும். அதன் குழிகளில் மிச்ச ரெசினை ஊற்றினால் பத்து வில்லை கிடைக்கும். உள்பூச்சுக்கு, ஒரு துண்டுக் குழாயில் பெயின்ட் அடித்து அதே குழியில் வைத்து ஊற்றிப் பார்க்கலாம். வெளிப்பூச்சுக்கு, வில்லை மேல் பெயின்ட் அடித்து ஒரு வாரம் விடுங்கள். பிறகு பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கீறி, செலோடேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். கட்டங்கள் டேப்போடு வந்தால் அந்த ஜோடி சேராது. என் பட்டறைச் சுவரில் ஒரு பலகை முழுக்க இந்த வில்லைகள்தான். ஒவ்வொன்றின் கீழும் ரெசின், பெயின்ட், காய வைத்த நாள், அன்றைய வானிலை என்று பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன். புது டப்பா வந்தால் முதலில் பலகைக்குத்தான் போகும். பேனாவுக்கு அப்புறம்தான்.

பெயின்ட் தயாரிப்பாளர்களிடமும் விற்பவர்களிடமும் உங்கள் இதழ் வழியாக ஒன்று கேட்கிறேன். டப்பாவின் முன்பக்கத்தில், நிறத்தின் பெயருக்குப் பக்கத்திலேயே, இது லேக்கரா, எனாமலா, தண்ணீர் பெயின்ட்டா, ஹார்டனர் சேர்ப்பதா என்று தமிழில் ஒரு வார்த்தை போடுங்கள். இப்போது அது பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் ஆங்கிலத்தில் இருக்கிறது, அல்லது இல்லவே இல்லை. வீட்டு, அலங்கார பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2016இல் விதி வந்தது. அதை டப்பாவில் குறிப்பிட வேண்டும் என்றும் விதியிலேயே இருக்கிறது. அதற்கு இடம் கிடைத்தபோது இதற்கும் கிடைக்கும். இன்னொன்று: அந்த விதி வீட்டு, அலங்கார பெயின்ட்டுக்குத்தான். தொழிற்சாலை வேலைக்கு விற்கும் பெயின்ட்டைப் பேனாவின் வெளிப்புறத்தில் அடிப்பவர்கள், பிள்ளைகள் பேனாவைக் கடிக்கும் என்பதை மறக்க வேண்டாம். ஹார்டனர் சேர்க்கும் பெயின்ட்டையும் பாலியஸ்டர் ரெசினையும் அடைத்த அறையில் கையாளாதீர்கள். நான் பின்கட்டில், திறந்த வெளியில், சரியான முகமூடி போட்டுத்தான் செய்கிறேன். துணியைக் கட்டிக்கொண்டால் போதாது.

எங்கள் ஊரிலேயே மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 பொங்கலன்று திறக்கப்பட்ட இடம். துருப்பிடிக்காமல் காக்கும் பூச்சுகளை ஆராய்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு நாள் எங்களைப் போன்ற சிறு பட்டறைக்காரர்களை உள்ளே அழைத்து, எந்தப் பூச்சு எதன் மேல் நிற்கும், ஏன் நிற்கும் என்று தமிழில் சொல்லிக் கொடுத்தால் கானாடுகாத்தான், தேவகோட்டை, பள்ளத்தூர் என்று எல்லாப் பக்கமிருந்தும் வருவார்கள். ரெசின் வேலை செய்யும் பெண்கள்தான் இங்கே அதிகம். முதல் ஆளாக என் வில்லைப் பலகையைத் தூக்கிக்கொண்டு நான் வருகிறேன்.

கடிதம் நீண்டுவிட்டது. முழுவதும் வெளியிட இடமில்லை என்றால், ரெசினும் பெயின்ட்டும் சேருமா என்று மாத்திரை அட்டையில் சோதிக்கும் பகுதியை மட்டுமாவது போடுங்கள். சென்ற வாரக் கட்டுரை வந்த அதே பக்கத்தில் வந்தால், அதைப் படித்தவர்கள் கண்ணில் இதுவும் படும்.

இப்படிக்கு,
கடைசல் பட்டறைக்காரர்,
காரைக்குடி.